கதவுக்கு வெளியே முப்பது மூச்சு

வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டால் "புகாருக்கு எண் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல் சொல்லுமே, அந்த இரண்டை அழுத்தினால் வருகிறவள் இவள்தான். ஆபீஸில் எல்லாருக்கும் ரெண்டாம் நம்பர் அக்கா. தண்ணீர் வடியவில்லை, மூடி திறக்கவில்லை, புதுச் சட்டை கிழிந்துபோச்சு என்று ஊரில் உள்ள கோபமெல்லாம் காலை ஒன்பதரையிலிருந்து அவள் காதில்தான் வந்து விழும். பதிலுக்கு ஒரு வார்த்தை கூடிவிடக் கூடாது. "உங்க சிரமம் புரியுது" என்று சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்துவிட்டது.

வீட்டில் ஒன்பது வயசு மகள், சுண்டு. புருஷன் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் மூன்று வருஷமாச்சு. அந்த மகராசனைப் பற்றி இதற்கு மேல் பேசுவதாக இல்லை. சுண்டு நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள், கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறப்பாள், அம்மா வரும் ஆறரை வரைக்கும் ஒண்டியாக இருப்பாள். அவசரத்துக்கென்று ஹாலில் ஒரு பழைய போன் கிடக்கும். அதில் ஒருநாளும் அவசரம் வந்ததில்லை.

ஒரு சாயங்காலம் சுண்டு பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். ஒரு டம்ளர் பால், என்ன பெரிய விஷயம்? ஆனால் அன்றைக்கு நூற்றுப்பத்து புகார் கேட்டுவிட்டு வந்தவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. சுண்டு அழவில்லை. துணியால் தரையைத் துடைத்தபடியே, "போன்ல எல்லார்கிட்டயும் சிரமம் புரியுதுன்னு சொல்ற. என்கிட்ட ஏம்மா சொல்ல மாட்டேங்கற?" என்று கேட்டாள்.

சாட்டையால் அடித்தமாதிரி இருந்தது. இப்படியே போனால் இந்தப் பிள்ளை நம்மை வெறுத்துவிடும் என்று பயந்துபோனாள். மறுநாளே, ஆபீஸ் ஏற்பாடு செய்திருந்த கோச்சிடம் பெயரைக் கொடுத்தாள். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மனசை நிதானமாக வைத்துக்கொள்ளச் சொல்லித்தரும் மனிதர். வியாழக்கிழமை மதியம் இருபது நிமிஷம், போனில்.

"ஆபீஸ வீட்டு வாசல்லயே எறக்கி வெச்சிடுங்கம்மா," என்றார் கோச். "கதவுக்கு முன்னாடி நின்னு நிதானமா மூணு மூச்சு. அப்புறம் உள்ள போங்க."

குறை சொல்லக் கூடாது, நல்ல யோசனைதான். மூன்று மூச்சில் தோள் இறங்கியது. ஐந்து விட்டுப் பார்த்தாள், இன்னும் சுகமாக இருந்தது. பிறகு முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே பத்து, இருபது, முப்பது. பாவம், நாள் பூராவும் யாரும் அவளைக் கூப்பிடாத இடம் அந்த ஒரு கால்மிதிதான். விட்டுவர மனசு வருமா?

கத்தல் நின்றது. பால் கொட்டினால் துடைத்தாள். கோச் மெச்சிக்கொண்டார். ஆனால் முன்பெல்லாம் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கதவைத் திறக்கிற சுண்டு, இப்போது அவள் உள்ளே நுழையும்போது அறையில் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாடி?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

கத்தினால் பிள்ளை போய்விடும் என்று பயந்தவள், கத்தாமலே கைநழுவிப் போவதைப் பார்த்தாள். கோச்சிடம் கேட்டாள். வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான், கொஞ்சம் ஸ்பேஸ் கொடுங்கள் என்றார். ஸ்பேஸாம்! இருப்பதே ஒன்றரை ரூம், இதில் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மதியத்துக்குள் வெறும் காற்றுதான் வந்தது. குரல் இல்லாத ரெண்டாம் நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாலு மணிக்குப் படியில் சுண்டுவின் காலடி கேட்டது. ஆசையாகக் கதவைத் திறக்க எழுந்து போனாள். கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதில் இரண்டு சின்ன ஷூவின் நிழல் வந்து நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. சாவி போடும் சத்தம் இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். வெளியே மெதுவாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "பதினொண்ணு." இன்னொரு மூச்சு. "பன்னெண்டு."

கதவைத் திறந்துவிட்டாள். சுண்டு திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள்.

"நீ இருக்கியா? நான் யாரும் இல்லன்னுல்ல நெனச்சேன்!"

ஏன் வெளியிலேயே நிற்கிறாய் என்று கையால் கேட்டாள்.

"தெனமும் நிப்பேம்மா. உள்ள யாருமே இல்லைல்ல, பயமா இருக்கும். நீ பண்றதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரியும். முன்னாடி நான் தொறக்கலாம்னு வந்து நிப்பேன். அப்புறம், நீ எண்ணி முடிக்கட்டும்னு ரூமுக்குப் போயிடுவேன்." பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு யாரப் பாத்தும்மா பயம்? உள்ள நான் மட்டுந்தானே இருப்பேன்?"

உன்னைப் பார்த்து இல்லடி தங்கம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாய்க்கு, சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்லக் குரல் இல்லை. மண்டியிட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள். சுண்டு கொஞ்சநேரம் விறைப்பாகவே நின்றாள். பிறகு தோளில் சாய்ந்தாள்.

இரண்டு நிமிஷம்கூட அவள் கதவுக்கு உள்ளே நிற்கவில்லை. அதுவே ஒரு யுகமாக இருந்தது. இந்தப் பிள்ளை எத்தனை மாதமாக இந்தப் பக்கம் காத்து நின்றாளோ என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

மறுநாளும் குரல் வரவில்லை. எழுத்தில் வரும் புகார்களுக்கு அவளை மாற்றினார்கள். மூணாம் நம்பர் எடுக்கிறவளிடம் சீட்டில் எழுதிக் கெஞ்சி டீ நேரத்தை மாற்றிக்கொண்டு, நாலு மணிக்குப் படிக்கட்டுப் பக்கம் போனாள். வேலைக்கு வராமல் இருக்க வழியில்லை. ஆறரைக்கு முன்னால் வீட்டுக்குப் போகவும் வழியில்லை. ஹாலில் கிடக்கும் பழைய போனுக்கு ரிங் கொடுத்தாள்.

ஐந்து ரிங், ஆறு, ஏழு. வெளியே நிற்கிறவளுக்குக் கேட்குமா? தடாலென்று கதவு திறக்கும் ஓசை அவள் மனசுக்குள்தான் கேட்டது. ஒன்பதாவது ரிங்கில் சுண்டு எடுத்தாள்.

"அம்மா?"

வெறும் காற்று.

"பேச வராதுன்னு தெரியும். நீ மூச்சு விடு, போதும்," என்றாள் சுண்டு, ஓடிவந்த இரைப்போடு. "நான் உள்ள வந்துட்டேன்."

டீ நேரம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.