வெயிலில் காட்டிய தட்டு

கல்பனா அன்றைக்கு ஒரு முடிவோடுதான் பாறை ஏறினாள். எதிர்மலை ஊரான ஒத்தைப்புளியிலிருந்து வெளிச்சம் தெரியாவிட்டால் இந்த வேலைக்கு ஒரு கும்பிடு. வேலூரில் ஏசி அறையும் ஞாயிறு விடுமுறையுமாக ஒரு வேலை காத்திருந்தது. இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று கணியம்பாடியிலிருந்து அம்மா விடிந்ததும் போனில் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது ஜமுனாமரத்தூரில் ஒரு மாடி அறையில் ஓடிய ஸ்டார்ட்-அப்பில். மலைக்கு மலை ஆன்டெனா வைத்து இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி. ஆளே மூன்று பேர். அருண்ராஜ் முதலாளி, அப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும். வெற்றிவேல் டவர் ஏறுகிறவன். கல்பனா ‘ஆபரேஷன்ஸ் ஹெட்’. அந்தப் பெரிய பதவிக்கு என்ன வேலை என்றால் கேபிள் சுமப்பது, திட்டு வாங்குவது, மழை நாளில் மூவருக்கும் உப்புமா கிண்டுவது. திங்கட்கிழமை போட்ட திட்டத்தை அருண்ராஜ் புதன்கிழமை தூக்கிப் போடுவான். அவள் கேட்ட லீவு மட்டும் எந்தக் கிழமையிலும் வராது. ஆனால் முதல் ஊருக்கு நெட் போன அன்று, திருப்பூரில் இருக்கும் மகளின் முகத்தைப் போனில் பார்த்துப் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்த அந்த ஊர்க் குப்பனோடு இவளும் சேர்ந்து அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால்தான் சிக்னல் போகும். ஒத்தைப்புளிப் பள்ளிக்கூடத்தை நடுவில் ஒரு மேடு மறைக்கிறது, அந்த ஊர் ஆகாது என்றது கம்ப்யூட்டர் மேப். கல்பனாதான் விடாப்பிடியாக, கண்ணால் பார்த்துவிடலாம் என்றாள். அங்கே போன் எடுக்காது. அதனால் சந்தைக்கு வந்த அந்த ஊர் ராணியம்மாளிடம், வியாழக்கிழமை காலை பள்ளிக்கூட மாடியில் ஒரு சில்வர் தட்டை வெயிலில் காட்டச் சொல்லி அனுப்பினாள்.

“எங்க வூட்டுக்கும் நெட்டு வருமா கண்ணு?”

“தட்டு தெரிஞ்சா வரும்க்கா.”

இப்போது எதிர்மலை முழுக்க மேகம் கவிந்து கிடந்தது. மூவரும் வெகுநேரம் பார்த்தார்கள்.

“போதும் கல்பனா. இந்த ஊர விட்டுடலாம்” என்றான் அருண்ராஜ். குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

“மேகம் போவட்டும்ங்க.”

மேகம் போனது. மேடு அசையாமல் பள்ளிக்கூடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மேப் சொன்னது சரிதான். வெற்றிவேல் பையை எடுத்துத் தோளில் மாட்டியவன், அப்படியே நின்றான்.

“மேல இன்னாது அது?”

பள்ளிக்கூடத்துக்கு வெகு உயரத்தில், சாமைக் கொல்லை ஓரம், ஒரு பொட்டு வெளிச்சம். அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு சரிவு முழுக்க, வீடு வீடாக, பாறை பாறையாக மின்னியது. கல்பனா சொன்னதை, எந்த வீட்டுத் தட்டு தெரிகிறதோ அந்த வீட்டுக்குத்தான் நெட் என்று ஊர் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் பாக்கியில்லாமல் தட்டோடு வந்து நிற்கிறார்கள்.

“அந்த உச்சியில ஒரு கம்பம் நட்டா போதும். அங்கேர்ந்து ஊருக்கே குடுத்துடலாம்” என்றான் வெற்றிவேல்.

அருண்ராஜின் கண்கள் கலங்கியிருந்தன.

வெற்றிவேல் பைக்கிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த கண்ணாடியை வாங்கி, கல்பனா வெயிலைப் பிடித்து எதிர்மலைக்குத் திருப்பினாள். சட்டென்று அங்கே அத்தனை வெளிச்சமும் அணைந்தது. அவள் பயந்துபோனாள். மறுகணம், பதில் சொல்வதுபோல மலை முழுவதும் ஒரே நேரத்தில் பளீரென்று மின்னியது. இவ்வளவு பேர் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. கைகூப்ப வேண்டும் போலிருந்தது, கையில் கண்ணாடி இருந்தது.

போன் அடித்தது.

“இன்னாடி சொல்றது வேலூர்க்காரங்களுக்கு?” என்றாள் அம்மா.

“வர்லன்னு சொல்லிடும்மா.”

“சரி, ஞாயித்துக்கெழமயாவது வூட்டுக்கு வருவியா?”

அருண்ராஜ் அதற்குள் கம்பத்துக்குக் குழி தோண்ட ஆள் பிடிப்பதைப் பற்றி வெற்றிவேலிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா” என்றாள் கல்பனா. “ஞாயித்துக்கெழம கம்பம் தூக்கணும்.”