கழுவி வைத்த கத்தி

வீட்டுக்குள் ஒரு மனிதனைச் சுட்டுவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஞானரட்ணத்துக்கு நன்றாகத் தெரியும். வேட்டை லைசன்ஸ் எடுக்கப் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துவக்கைத் திறந்து தோட்டாவை எடு. கீழே வை. எதையும் தொடாதே. உடனே பொலிசைக் கூப்பிடு. ஆனால் சுட்டது ஞானரட்ணம் அல்ல, அவருடைய மனைவி அருமைநாயகி. அவள் துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்துக் கீழே வைத்தது வரைக்கும் சரியாகத்தான் செய்தாள். மிச்சமெல்லாம் தலைகீழ்.

இருவரும் மன்னார்க்காரர். டேனிஷ் நாட்டின் எஸ்பியர்க் நகரத்துக்கு வெளியே, கடல் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியிருந்தார்கள். அவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை, அவளுக்கு முதியோர் இல்லத்தில். ஊரில் பட்டாசுச் சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழே போகிற ஆள், இங்கே கூட வேலை செய்கிற டேனிஷ்காரரோடு சேர்ந்து மான் சுடக் கிளம்பியதை நினைத்தால் அருமைநாயகிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு கோடையில் அவளையும் கூட்டிக்கொண்டு போய், மண்தட்டைப் பறக்கவிட்டுச் சுடப் பழக்கினார். அவள் அவரைவிட நன்றாகச் சுட்டாள். அதற்குப் பிறகு அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை.

மே மாத நடுவில் கலைமான் வேட்டை தொடங்கும். இரண்டாயிரத்து ஒன்பதில் அதே வாரம்தான் ஊரில் சண்டை முடிந்தது. வேட்டைக்கென்று இரும்பு அலுமாரியிலிருந்து எடுத்த துவக்கை ஞானரட்ணம் நடையில், கோட் கொழுவுகிற இடத்தில் சாத்திவிட்டு, தோட்டாப் பெட்டியைச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு, செய்தி பார்க்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான். வேட்டைக்கும் போகவில்லை, துவக்கைத் திரும்பப் பூட்டவும் இல்லை. பூட்டி வைக்கவேண்டிய சாமானைக் குடை மாதிரிச் சாத்தி வைத்தால் என்ன நடக்கும்? இதுதான் நடக்கும்.

அருமைநாயகியின் தம்பி சூசைதாசன் கடைசிவரை அந்தச் சண்டைக்குள்தான் அகப்பட்டிருந்தான். சண்டை முடிந்து சில நாளில் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். சூசையைக் கடல்நீரேரிக் கரையில் கண்டாளாம். துவக்குச் சூடு பட்டுக் கிடந்தானாம். இடுப்புவரை ஈரம், கண் திறந்தபடி.

"ஒருத்தராலயும் நிக்க ஏலாமப் போச்சு அக்கா, கண்ணக்கூட மூடிவிடேல்ல" என்று சொல்லி அவள் அழுதாள். அருமைநாயகி அழவில்லை. கண்ணை மூடிவிட ஒருவரும் இல்லை என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு வேறு அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. ஈரமான ஒரு மூச்சு மட்டும் வரும், போகும். லைன் கோளாறு என்றார் ஞானரட்ணம். லைன் கோளாறு மூச்சு விடுமா?

அன்று காலை கடலிலிருந்து மூடுபனி ஏறியது. ஹவ்குஸ் என்பார்கள் டேனிஷ்காரர். நல்ல வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து, பட்டப்பகலில் முற்றத்து மரத்தைக்கூட இல்லாமல் செய்துவிடும். அருமைநாயகி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. மீன் வழுவழுப்போடு கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு முன்னறைக்குப் போய் எடுத்தாள். அதே மூச்சு.

"சூசையா? அக்காவோட ஒரு வார்த்தை கதையடா" என்றாள். அதுவரை அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அழைப்பு அறுந்தது. ஆனால் மூச்சு நிற்கவில்லை. இப்போது அது குசினிக்குள்ளிருந்து கேட்டது.

பின்கதவு திறந்திருந்தது. ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம். "ஆரது?" என்று தமிழிலும் கேட்டாள், டேனிஷிலும் கேட்டாள். சத்தம் கிட்ட வந்தது. நடைக்கு ஓடினாள். முன்கதவு பூட்டியிருந்தது, பூட்டின் திறப்பு குசினி ஆணியில் தொங்கியது. கை தானாகத் துவக்கை எடுத்தது, தானாகத் தோட்டாவைப் போட்டது.

குசினி வாசலில் அவன் வந்து நின்றான். வெள்ளைக்காரன்தான், முப்பது வயதிருக்கும். ஆனால் இடுப்புவரை நனைந்து, கால் வெறுங்காலாய், முழங்காலில் சேறும் கோரைப்புல்லும் ஒட்டி, தண்ணீருக்குள்ளிருந்து நேரே எழுந்து வந்தவன் போல நின்றான். கையில் அவளுடைய மீன்கத்தி. கண் அவளைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை.

"சூசை?" என்றாள். வாய்தவறி வந்தது.

அவன் ஓம் என்பது போலத் தலையை ஆட்டினான். பிறகு கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தான். "கிட்ட வராத!" என்று கத்தினாள். வந்தான். சுட்டாள்.

சத்தம் அடங்கியபோது அவன் குசினித் தரையில் மல்லாக்கக் கிடந்தான். மூச்சு இல்லை என்பதைத் தொட்டுப் பார்க்காமலே அவள் அறிவாள். அது அவள் வேலை. முதியோர் இல்லத்தில் ஒருவர் போய்விட்டால் உடலை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் அருமைநாயகிதான். அவள் கை மெதுவானது என்று கூட வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவனுடைய கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணைக் கண்டதும் அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கின.

முதலில் கண்ணை மூடினாள். திறந்துகொண்டது. மறுபடி மூடினாள், மறுபடி திறந்தது. பஞ்சை நனைத்து இமை மேல் வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். காலில் இருந்த சேற்றைச் சுடுதண்ணீரில் கழுவினாள். கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது, ஆனால் விரல்களுக்குள் இருந்தது பிடி அல்ல, அலகு. விழும்போது வழுக்கியிருக்க வேண்டும். விரல்களைப் பிரித்துக் கத்தியை வாங்கினாள். செத்தவன் கையில் கத்தியோடு ஆண்டவர் முன்னால் போகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கழுவித் துடைத்து மற்றக் கத்திகளோடு செருகினாள். அந்தக் கைக்குத் தன் செபமாலையைக் கொடுக்க நினைத்தாள். மணியில் ரத்தம் படுமே என்று விரல்களுக்குச் சுத்தமாகப் பண்டேஜ் சுற்றி, அதன் மேல் செபமாலையைப் போட்டாள். தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தினாள். உயிர் வெளியே போகட்டும் என்று இல்லத்தில் செய்வது போல யன்னலைத் திறந்தாள். எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. மூடுபனி உள்ளே வந்தது.

பிறகுதான் வேலைக்குப் போயிருந்த கணவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, கத்தியோட வந்த ஒரு ஆளைச் சுட்டுப்போட்டன். கழுவிக் கிடத்தியிருக்கு. வாங்கோ."

ஞானரட்ணம் எப்படிக் கார் ஓட்டி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வழியில் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். குசினிக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருட வந்தவன் மாதிரியா கிடந்தான் அவன்? பூசைக்கு வைத்த பிரேதம் மாதிரிக் கிடந்தான்.

"கத்தியோட வந்தவன் எண்டு சொன்னாய். எங்க கத்தி?"

"கழுவி வச்சிட்டன்."

"கழுவி..." அவர் தலையில் கையை வைத்தார். "எடியே, அந்தக் கத்திதானடி உன்னைக் காப்பாத்தும்! வெறுங்கையோட நிண்டவனைச் சுட்டுப்போட்டு, ரத்தத்தைத் துடைச்சுச் சோடிச்சு வச்சிருக்கிறாய் எண்டுதான் அவங்கள் சொல்லப்போறாங்கள். கொலை எண்டுவாங்கள், விளங்குதா? மறியலில போட்டுப் பூட்டிவிடுவாங்கள்!"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஞானரட்ணம் கத்தியை உருவி எடுத்தார்.

"என்ன செய்யப் போறியள்?"

"இருந்த இடத்தில வைக்கப்போறன். பொய் இல்லையே? உண்மையா அவன்ர கையில இருந்ததுதானே?"

முழங்காலில் நின்று செபமாலையை இழுத்தார். வரவில்லை. பண்டேஜ் சுற்றிய விரல்களுக்குள் மணி சிக்கியிருந்தது. இன்னும் இழுத்தார். தலை மெல்லச் சரிந்தது, ஒரு பக்கத்துப் பஞ்சு கீழே விழுந்தது, அந்தக் கண் திறந்து அவரைப் பார்த்தது. அதே நேரம் முன்னறையில் தொலைபேசி அடித்தது.

ஞானரட்ணம் பாய்ந்து எழும்பிப் போய் எடுத்தார். "ஹலோ" என்றார். கேட்டுக்கொண்டே குசினித் தரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டு போனது.

"ஆர்?" என்றாள் அருமைநாயகி.

"மூச்சு" என்று சொல்லிவிட்டு தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு லைன் கோளாறு என்று அவர் வாயால் வரவில்லை.

அவள் குனிந்து பஞ்சைத் திரும்ப வைத்தாள். கணவன் கையிலிருந்த கத்தியை வாங்கி அதன் இடத்தில் செருகினாள். "அவனிட்ட இருந்து ஒருக்கா வாங்கிட்டன். திருப்பிக் குடுக்கமாட்டன். மறியல் எண்டால் போறன்."

"அப்ப இதையாவது சொல்லு. திரும்ப எழும்பி வருவான் எண்ட பயத்தில கத்தியைப் பறிச்சனான், மிச்சம் ஒண்டும் ஞாபகமில்லை எண்டு. அவ்வளவுதான். சொல்லுவியா?" அவர் குரல் கெஞ்சியது. அவள் பிரேதத்தின் தலையை நேராக்கி வைத்தாள்.

பொலிஸ் வந்தது. தலை நரைத்த ஒரு பெண் அதிகாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மெழுகுதிரி, பஞ்சு, செபமாலை, கழுவிய கால், திறந்த யன்னல்.

"யார் செய்தது இதெல்லாம்?"

"நான்."

"ஏன்?"

ஞானரட்ணம் பக்கத்திலிருந்து பெருமூச்சு விட்டார். நான் சொன்னதைச் சொல் என்று அந்தப் பெருமூச்சு சொன்னது. அருமைநாயகி தெரிந்த டேனிஷில் உண்மையைச் சொன்னாள். தம்பி இறந்தான். கரையில் கிடந்தான். கண்ணை மூட ஒருவரும் இல்லை. இவன் கண்ணும் திறந்திருந்தது. கத்தியை நான்தான் கழுவினேன். அதோ இருக்கிறது.

கூட வந்த இளம் பொலிஸ்காரன் கையுறை போட்ட கையால் அந்தக் கத்தியைச் சுட்டிக்காட்டினான். பளபளவென்று இருந்தது. அவன் அதிகாரியைப் பார்த்த பார்வை அருமைநாயகிக்கு விளங்கியது. அந்தப் பார்வையை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

இருவரையும் முன்னறையில் இருத்தினார்கள். வெள்ளை உடுப்புக்காரர் வந்து படம் எடுத்தார்கள். எதையும் தொடவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மடியில் கிடந்த தன் கைகளைக்கூட ஒன்றோடொன்று தொடவிடாமல் அவள் பிரித்து வைத்திருந்தாள். ஞானரட்ணம் அவளோடு கோபமாக இருந்தார், அழுதுகொண்டும் இருந்தார். யன்னலுக்கு வெளியே மூடுபனி சாம்பலாகி, பிறகு மெல்லக் கலையத் தொடங்கியது.

அதிகாரி வந்து எதிர்க்கதிரையில் இருந்தாள்.

"பண்டேஜ் ஏன் சுற்றினீர்கள்?"

"விரலில் வெட்டு. செபமாலையில் ரத்தம் படும்."

"கத்தியால் என்ன வெட்டிக்கொண்டிருந்தீர்கள்?"

"மீன்."

அதிகாரி தலையை ஆட்டினாள். "பண்டேஜை அவிழ்த்துப் பார்த்தார்கள். நான்கு விரலுக்கும் உட்பக்கமாக ஒரே நேர்கோட்டில் வெட்டு. புதிய வெட்டு. நகத்துக்குள் மீன் செதில். கத்தியை இறுக்கிப் பிடித்திருந்தவனுக்கு, கை வழுக்கினால்தான் அப்படி வெட்டும். முடிவைச் சொல்வது என் வேலை இல்லை. துவக்கு வெளியில் இருந்ததற்கு உங்கள் கணவர் பதில் சொல்லவேண்டி வரும். ஆனால் அவன் கையில் கத்தி இருந்தது என்பதை நான் நம்புகிறேன். நீங்கள் சுற்றி வைக்காமல் அந்த விரல்களைப் போட்டு யாராவது இழுத்திருந்தால், இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது."

ஞானரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். மறியல் இல்லை, மறியல் இல்லை என்று அவர் உதடு மட்டும் அசைந்தது. அருமைநாயகிக்கும் அந்த ஆறுதல் வந்திருக்க வேண்டும். அவளோ வேறொன்றைக் கேட்டாள்.

"அவனுக்கு அக்கா யாரும் இருக்கிறாளா?"

"தெரியாது. அவன் யாரென்றே இன்னும் தெரியவில்லை. தேடுவோம்."

"இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். அப்படியே போட்டுவிடவில்லை என்று சொல்லுங்கள். கண்ணை மூடினது, காலைக் கழுவினது, மெழுகுதிரி வைத்தது எல்லாம் சொல்லுங்கள். ஒரு ஆள் பக்கத்தில் இருந்தது என்று சொல்லுங்கள்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள். "யார் இருந்தது என்று அவள் கேட்பாளே. என்ன சொல்ல?"

அருமைநாயகி தன் கைகளைப் பார்த்தாள். சுட்டவள்தான் இருந்தாள் என்று எந்த அக்காவிடம் போய்ச் சொல்வது?

சூசைக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் அவள் வெந்துகொண்டிருந்தாள். ஆனால் ஒருவன் இருந்திருப்பான். சூசையைச் சுட்ட துவக்கோடு, தான் இவனுக்கு முன்னால் நின்ற அதே தூரத்தில், ஒருவன் கட்டாயம் இருந்திருப்பான். அவனைத் திட்டாத நேரமில்லை. அவனும் சூசைக்குப் பக்கத்தில் முழங்காலில் குனிந்திருப்பானோ என்று இப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள். குனிந்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசை அவளை வெட்கப்படுத்தியது, பயப்படுத்தியது, ஆனாலும் அடங்கவில்லை. சண்டை முடிந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

"கண்ணை ஒருக்காலெண்டாலும் மூடிவிட்டிருப்பானோ?" என்று கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆரைப் பற்றிக் கேட்கிறாள் என்று ஞானரட்ணத்துக்கு விளங்கவில்லை. "ஓம், ஓம்" என்று சொல்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.