வெள்ளத்தில் மட்டும் பூப்பது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. ராமநாதபுரத்திலிருந்து அழகன்குளம் போகிற பஸ். ஜன்னலுக்கு வெளியே வைகை வெறும் மணலாய், சீமைக்கருவேலமாய்க் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே, "இதுல நான் வள்ளத்துல போயிருக்கேன். செடி பார்க்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் திரும்புவதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஐம்பதுகளின் ஓர் ஐப்பசியில் வைகை சீறிப் பாய்ந்து, இரு கரைகளையும் விழுங்கி, கட—"

வேண்டாம். ஆறு சீறத் தொடங்கினால் ஆட்கள் வந்து சேர நேரமாகும். ஆட்களையே முதலில் கூப்பிடுகிறேன்.

காலிதாவுக்கு ஊர் தொண்டி. மகள் மதுரைக்குப் போய்த் தாவரவியல் படிக்கப் போகிறாள் என்றதும் ஊரில் நாலு பேர் ஏன் என்று கேட்டார்கள். வாப்பா ஹமீது சுல்தான், "என் தோணி கொழும்புக்குப் போகலாம், என் மக மதுரைக்குப் போகப்படாதா?" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார். படித்த கல்லூரியிலேயே இப்போது பாடம் நடத்துகிறாள். அங்கே அவளுக்கு மூத்த ஆசிரியை பூமயில், பரமக்குடிப் பக்கத்தில் பயிர் செய்கிற சம்சாரி வீட்டுப் பெண்.

(பூமயிலை முதலில் சிடுசிடுப்பானவளாக எழுதினேன். கல்யாணம் செய்துகொள்ளாத, படித்த பெண் என்றால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. பக்கம் நகரவில்லை. சிரிக்க விட்டேன், நகர்ந்தது.)

முந்தைய ஒரு வெள்ளத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், பூமயில் ஒரு சின்னச் செடியைப் பார்த்திருந்தாள். உப்பும் நல்லதுமாய்க் கலந்த தண்ணீரில் முளைத்தது. இலைதான் கிடைத்தது. பூவைப் பார்க்காமல் அது எந்தக் குடும்பத்துச் செடி என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சென்னையில் ஒரு பெரிய மனிதர் அந்த இலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "ஏதாவது வயக்காட்டுக் களையா இருக்கும்மா" என்றார்.

வைகை கடலைத் தொடுவது எப்போதாவதுதான். தொட்டால் அந்தச் செடி முளைக்கும். வடிந்தால் போய்விடும். ஆகவே வெள்ளச் செய்தி வந்ததும் ஊரெல்லாம் மேட்டுக்கு ஓட, இவர்கள் இருவரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு வந்தார்கள்.

3

வள்ளம் தவசியுடையது.*

* கதைகளில் வருகிற படகோட்டிக்கு எல்லா மூலிகையும் அத்துப்படி. தவசிக்கு ஒன்றும் தெரியாது. பச்சையாக இருந்தால் அவருக்குக் கீரை. இவர்களை டாக்டர்கள் என்று நினைத்து, வழியெல்லாம் தன் வயிற்றுவலிக்கு மருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

முகத்துவாரம் நெருங்கியதும் அவர் துடுப்பை நிறுத்தினார். "இதுக்கு மேல ஏலாது ஆத்தா. அங்கன ஆறும் கடலும் முட்டிக்கிட்டு நிக்கிது. வள்ளம் பொரண்டுரும்."

"அந்தத் தாழம்புதர் வரைக்கும் மட்டும் தவசி. அப்புறம் கேக்க மாட்டேன்" என்றாள் பூமயில்.

புதரின் மறைவில், அலையடிக்காத தண்ணீரில், நகத்தளவு வெள்ளை தெரிந்தது. பூமயில் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, காலிதா குனிந்து செடியை வேரோடு எடுத்தாள்.

"அக்கா, பூ! மூணு இதழ்!"

பூமயில் சிரிக்கவில்லை. வாங்கி, பார்த்து, ஈரத்துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தாள்.

4

திரும்பும்போது ஒரு மண்மேட்டில் ஆடு மேய்க்கிற ராக்கு நின்றாள், நான்கு ஆடுகளோடு. மேடு கரைந்துகொண்டிருந்தது.

"வள்ளம் தாங்காது" என்றார் தவசி.

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். திருப்புங்கண்ணே" என்றாள் காலிதா.

"ஆட்ட விட்டுட்டு நான் வரமாட்டேன் தாயி" என்றாள் ராக்கு. அதற்கு மேல் பேச நேரமில்லை. ஆடுகளும் ஏறின.

நடு ஆற்றில் ஒரு பனந்தடி வந்து மோதியது. தண்ணீர் இறைக்கும் சட்டி அந்த ஆட்டத்தில் ஆற்றோடு போயிற்று. வள்ளத்துக்குள் கணுக்கால் வரை தண்ணீர்.

"எறைங்க! எதையாச்சும் வச்சு எறைங்க!" என்று கத்தினார் தவசி.

காலிதா தகரப் பெட்டியைப் பார்த்தாள். பூமயிலைப் பார்த்தாள். பூமயில் தலையை மட்டும் அசைத்தாள். துணிச்சுருளை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, காலிதா பெட்டியால் இறைக்கத் தொடங்கினாள்.

[இங்கே அவள் என்ன நினைத்தாள் என்று நீளமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தண்ணீர் இறைக்கிறவள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள்.]

கரை சேர்ந்தபோது துணி இருந்தது, பிரிந்து. கிடாய்க்குட்டி ஒன்று செடியை மென்றுகொண்டிருந்தது.

ராக்கு அதன் முதுகில் ஓங்கி அறைந்தாள். "ஏ மூதி! என்னத்தத் தின்ன?" பிறகு காலிதாவிடம், "என்ன பயிரு தாயி அது? சொல்லு, எங்கிட்டாவது பறிச்சுத் தாரேன்."

பூமயில் ஈரமண்ணில் உட்கார்ந்தாள். "பூத்தத நீயும் பார்த்த, நானும் பார்த்தேன். ருசி தெரிஞ்சது அதுக்கு மட்டுந்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடினாள். காலிதா அவள் முதுகில் கை வைத்தாள். உள்ளங்கைக்குத் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை.

5

நான் எழுதிய ஒரு முடிவில் இருவரும் திரும்பிப் போய் மூழ்கினார்கள். கிழித்துவிட்டேன். துணிந்த பெண்களைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு அழுவது, எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம்.

இன்னொன்றில் பூ கிடைத்தது, செடிக்குப் பூமயிலின் பெயர் வைத்தார்கள், சென்னைப் பெரிய மனிதர் எழுந்து நின்று கை— அதுவும் வேண்டாம். அவர் எழுந்திருக்க மாட்டார்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். காலிதா புடவையைப் பிழிந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"தவசியண்ணே, தாழம்புதருக்குத் திரும்பிப் போக வெளிச்சம் இன்னும் இருக்குல்ல?"

பூமயில் நிமிர்ந்தாள். "ஏ புள்ள, உனக்கு நீந்தத் தெரியாதே!" தெரியாதுதான். தொண்டியில் பெண்பிள்ளையைக் கடலில் யார் இறக்கினார்கள்?

"வரும்போதும் தெரியாதுதானேக்கா."

தவசி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பினார். துடுப்பைக் கையில் எடுத்தார்.

"ஏறுங்க. ஆடு மட்டும் ஏறப்படாது."

ராக்கு நான்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். வள்ளம் மெல்ல நகர்கிறது. இவர்களை மூழ்கடிக்க எனக்கு மனசு வரவில்லை. பூவைப் பறித்துக் கையில் கொடுக்க நான் யார்? நடுவில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. தண்ணீர் இறைக்கத் தெரிந்தால், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.