ஷிம்ரின் கையிலிருந்த சீட்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எனக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுப்பாடம். மஹ்லகா கானுமுக்கு (கானும் என்றால் அம்மையார்) அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அதட்டலை விடாத டீச்சர். டெஹ்ரான் அரண்மனையை ஒட்டியிருந்த ஷாவின் வட்ட நாடக அரங்கை இடிக்கத் தொடங்கிய வாரம் என் வீட்டுக்கு வந்தார்.

"அது தரைமட்டமாகறதுக்குள்ள எழுதிடு தம்பி. எங்கப்பா அழுதாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "கித்தான் கூரையின் கீழே ஆயிரம் விளக்குகள் ஒரே நேரத்தில்—"

வேண்டாம். விளக்கை எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது: "முஹர்ரம் பத்தாம் நாள், சிவப்பு உடையில் சஃபர் அலி மேடையேறினார்."

இது பரவாயில்லை. சஃபர் அலிதான் கானுமின் அப்பா. ஆண்டுதோறும் அந்த அரங்கில் நடக்கும் முஹர்ரம் துக்க நாடகத்தில் இமாம் ஹுசைனைக் கொல்லும் ஷிம்ராக நடித்தவர். நல்லவர்களுக்கெல்லாம் பாட்டு உண்டு, ஷிம்ருக்குக் கத்தல் மட்டும்தான். அவரவர் வசனம் அவரவர் உள்ளங்கைச் சீட்டில் இருக்கும். (மனப்பாடம் செய்ய மாட்டார்கள். சீட்டைப் பார்த்து வாசித்தால்தான் 'இது நானில்லை' என்று அர்த்தம்.)

3

"எங்கம்மா மேடையைச் சுத்தி மத்த பொம்பளைங்களோட தரையில உக்காந்திருந்தா. பக்கத்துல நான். அப்பா கத்தியைத் தூக்கினதும் எல்லாரும் 'நாசமாப் போறவனே!'ன்னு செருப்பை வீசினாங்க. அம்மாவும் வீசிட்டா."

"சொந்தப் புருஷன் மேலயா?"

"அந்த நேரத்துல புருஷனாவது ஒண்ணாவது! சாயந்திரம் அவர் அதைக் கையில தூக்கிட்டே வீட்டுக்கு வந்தார். 'இந்தா, உன்னோடதுதானே? குறி நல்லாத்தான் இருக்கு'ன்னார். அம்மா சிரிச்சிட்டா. நான் சிரிக்கல."

ஏழு வயது மஹ்லகாவுக்கு அவர் குங்குமப்பூப் போட்ட சர்க்கரைச் சோறு ஊட்டினார். அவள் துப்பினாள். (அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னார் கானும். நான் எடுக்கவில்லை.) "உன் கை வேண்டாம், போ" என்றாள். நாற்பது நாள் அந்தக் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அவள் மனம் மாறுவதற்குள் காலரா வந்து அவரைக் கொண்டுபோனது.

கொல்லும்போதே ஷிம்ர் அழுவது அந்த நாடகத்தின் வழக்கம். ஆனால் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது.

"அழுதிருந்தா நான் பாவி. அழலைன்னாலும் அவர் மகதானே தம்பி?" இதைச் சொல்லும்போது அவர் குரலில் அதட்டல் இல்லை.

4

சாட்சி என்று ஒன்று இருக்கிறது. அம்மாவின் பெட்டியில் கிடைத்த சீட்டு. கடைசி வசனத்தின் ஓரத்தில் நாடக வாத்தியார் எழுதியிருக்கிறார்: 'இங்கே அழு.' அதன்மேல் வேறு மையில் ஒரு கோடு, தாள் கிழியுமளவுக்கு.

"கோடு அப்பாவோடதுதான். அவர் கைக்கு எந்த நாணல் பேனாவும் ஒரு மாசம் தாங்காது."

ஏன் அடித்தார்? என் அறைக்குள்ளேயே நடந்து நடந்து மூன்று முடிவு பிடித்தேன். யாராவது சொல்லியா நான் அழ வேண்டும் என்ற கோபம். அல்லது அழுகை வரவில்லை, வந்ததாக நடிக்க மனமும் இல்லை. அல்லது கண் நிறைந்தால் சீட்டில் எழுத்து தெரியாது, வாசிக்காமல் சொன்னால் அவரே ஷிம்ர் ஆகிவிடுவார் என்ற பயம்.

கானும் மூன்றையும் கேட்டார்.

"கதை எழுதறவன் புத்தி! ஒரு கேள்வி கேட்டா மூணு பதில். மூணுமே எங்கப்பா மாதிரித்தான் இருக்கு. எனக்கு ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமை வரேன், படிச்சுக் காட்டு."

5

இன்று வெள்ளி. மேடைக் கல்லை நேற்றே பெயர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் வங்கி வரப்போகிறதாம்.

காலையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'சஃபர் அலி அழுதார்.' கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன், தாள் கிழியுமளவுக்கு. ஏன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். கானும்தான். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்த மாட்டார், பிந்தவும் மாட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இதுவரை படித்தவரே, இந்தாருங்கள், தாளைப் பிடியுங்கள், நீங்கள் போய்த் திறவுங்கள். எதைச் சொல்வதென்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். திறந்ததும் அவர் தாளைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.