இரண்டு இரத்தச் சீட்டுகள்

பள்ளியின் கடைசி வகுப்புப் பெண்களுக்கு அன்று புரதப் பாடம். வாரம் முழுக்க அவர்களைச் சோடா மூடி பொறுக்கி வரச் சொல்லியிருந்தேன். ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பியில் வரிசையாகக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூடியும் ஓர் அமினோ அமிலம். எந்த மூடிக்குப் பின் எந்த மூடி என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. ரைபோசோம் அதைப் படித்துப் படித்துக் கோத்துக்கொண்டே போகிறது. கோத்து முடித்த சங்கிலி மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கிறது. உருவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். இதைப் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

"மேடம், ஒரே ஒரு மூடி மாறிப்போச்சுன்னா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"எந்த மூடிங்கறதைப் பொறுத்தது. ஹீமோகுளோபின்ல ஒரு சங்கிலிக்கு நூத்தி நாப்பத்தாறு மூடி. அதுல ஆறாவது மட்டும் மாறினா?"

"ஏ போய் எஸ் ஆயிடும்," என்றது மொத்த வகுப்பும். எங்கள் ஊர் இலேஷாவில் இது பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும்.

"அந்த ஆறாவது மூடியாலதான் எங்கக்கா கல்யாணம் நின்னுபோச்சு," என்றாள் பின்வரிசைப் பெண்.

"மூஞ்சியாலன்னு இல்ல நாங்க கேள்விப்பட்டோம்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் வாசலில் நின்றிருந்தவளைப் பார்த்தேன்.

அவளை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன். அரினோலா. அத்தாகுமோசா சந்தையில் லேஸ் துணி விற்கிறவள். அடுத்த வாரம் சனிக்கிழமை பொலாரினுக்கு மனைவியாகப் போகிறவள்.

பொலாரின் இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்குக் கணவனாகியிருக்க வேண்டியவன்.

பெண்களைத் தொடர்ந்து கோக்கச் சொல்லிவிட்டு, அவளைப் பக்கத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் என்னை ஒரு முறை தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"அழகா இருப்பீங்கன்னு சொன்னாங்க. கொஞ்சமாவது பொய்யா இருக்கும்னு நெனைச்சுட்டு வந்தேன்," என்றாள்.

"காலையிலேர்ந்து சாக்பீஸ் தூசி. இல்லாட்டி இன்னும் நல்லா இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். இரண்டும் பொலாரினுடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். எங்கள் சபையில் கல்யாணக் குழு இரண்டு பேர் சீட்டையும் பார்க்காமல் கல்யாணத்தை நடத்த விடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பரிசோதித்துக் கொண்டுவர வேண்டும், பழையது செல்லாது. ஒரு சீட்டு இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதில் ஏ.எஸ். என்று இருந்தது, அதாவது ஒரு மரபணு நல்ல ஏ, ஒன்று எஸ். இன்னொன்று நேற்று வந்தது. அதில் ஏ.ஏ. என்று இருந்தது.

"அவர் கோகி பக்கம் நிலம் அளக்கப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமைதான் வருவார். இதை இன்னும் பார்க்கலை," என்றாள் அரினோலா. "அக்கா, நான் படிச்சவ இல்லை. ஆனா ரத்தம் மாறாதுன்னு எனக்குத் தெரியும். செத்தாலும் மாறாது. அப்போ இதுல ஒண்ணு பொய். புதுசு பொய்யில்லை, ஏன்னா குழுவோட செக்ரட்டரியே ஊசி குத்தறப்போ பக்கத்துல நின்னாங்க."

"அதனால?"

"அதனால பழசுதான் பொய். சந்தையில ஜெராக்ஸ் கடையில கேட்டா எந்த எழுத்து வேணும்னாலும் அடிச்சுக் கொடுப்பான். பொண்ணு வேண்டாம்னா, வேண்டாம்னு சொல்ல தைரியம் இல்லாதவனெல்லாம் ஏ.எஸ்.னு ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். எங்க சித்தி மகளை அப்படித்தான் ஒருத்தன் விட்டுட்டுப் போனான்." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க ஏ.எஸ்.னு அவருக்குத் தெரியும். உங்களைக் கழட்டிவிட இதைச் செஞ்சாரா? அதை மட்டும் சொல்லுங்க. செஞ்சார்னா, நான் நாளைக்கே கல்யாணத்துக்கு ஒரே மாதிரி உடுத்த எல்லார்கிட்டயும் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிடுவேன். அழுதுட்டே வாங்குவேன். ஆனா வாங்கிடுவேன்."

நான் ஏ.ஏ. என்ற அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏ.எஸ். ஆளும் ஏ.எஸ். ஆளும் சேர்ந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டும் எஸ் ஆகி அரிவாள் செல் சோகை வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. என் தங்கை அப்படிப் பிறந்தவள். மழை பெய்தால் அவளுக்கு எலும்பு வலிக்கும். அந்த அலறல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். பதினொரு வயதில் போய்விட்டாள். அதனால்தான் பொலாரின் சீட்டில் ஏ.எஸ். என்று வந்த அன்று, அவன் "கடவுள் பார்த்துப்பார், அபேனி" என்று என் கையைப் பிடித்தபோது, நான் கையை இழுத்துக்கொண்டேன். விலகியது நான்தான். அவன் மூன்று மாதம் எங்கள் தெருமுனையில் வந்து வந்து நின்றான்.

ஏ.ஏ. ஆளும் ஏ.எஸ். ஆளும் சேர்ந்தால் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது.

நான் இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டால் போதும், இவள் எழுந்து போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். கல்யாணம் இருக்காது. அவன் ஏ.ஏ. நான் இங்கேயே இருக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா," என்றாள் அவள்.

"அவர் பொய் சொல்லலை," என்றேன். "நான் கூடவே இருந்தேன். ரத்தம் எடுத்தப்போ பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். ஒட்டின உறையை நான்தான் பிரிச்சேன். நம்பமுடியாம, அடுத்த வாரமே அகுரே போய் இன்னொரு இடத்துல கொடுத்தோம். அங்கயும் ஏ.எஸ்.தான்."

"ரெண்டு இடத்துலயும் தப்பா?"

"அதான் எனக்கும் புரியலை."

பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் பத்தொன்பது. அந்த வருடத்து ஏப்ரலில் அவனுடைய வலது கை மாவுக்கட்டில் இருந்தது. கட்டு எதற்கு என்று யோசித்தேன்.

மார்ச் முதல் வாரம் அவன் மோட்டார் சைக்கிளை ஒரு லாரி அடித்தது. வலது கை உடைந்து, தொடை கிழிந்து ஏகப்பட்ட இரத்தம் போய்விட்டது. மருத்துவமனையில், "உறவுக்காரங்க யாராவது ரத்தம் கொடுக்கப் படுங்க, இப்பவே" என்றார்கள். நானும் என் தம்பி தோத்துனும் படுத்தோம். அவனுக்கும் எங்களுக்கும் ஒரே இரத்தப் பிரிவு. எச்.ஐ.வி. பார்த்தார்கள், மஞ்சள் காமாலை பார்த்தார்கள், அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. பை சூடு ஆறுவதற்குள் அவன் கட்டிலில் தொங்கியது. அதில் என் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. தோத்துன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "மாமா, இனிமே உங்களுக்குப் பாதி எங்க வீட்டுப் புத்தி. தப்பிக்க முடியாது" என்றான்.

தோத்துனும் ஏ.எஸ்.தான்.

"என்ன ஆச்சு?" என்றாள் அரினோலா. "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன். படம் போட்டுக் காட்டினால்தான் என்னால் சொல்ல முடியும் போலிருந்தது.

"ரத்தத்துல ஒரு சொட்டை இப்படித் தொட்டு வைப்பாங்க. மின்சாரம் விடுவாங்க. ஏ புரதம் முன்னால ஓடும். எஸ் பின்தங்கும். ரெண்டு கோடு விழுந்தா ஏ.எஸ். அந்தப் புரதம் யாரோட உடம்புல உண்டானதுன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது."

"யாரோடதுன்னா?"

"அவர் உடம்பு எஸ் பண்ணவே இல்லை. அவர் எப்பவும் ஏ.ஏ.தான். அன்னிக்கு அவருக்குள்ள வேற ஆளோட ரத்தம் ஓடிட்டிருந்தது. அந்தக் கோடு அவங்களோடது."

அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு மெதுவாக, "அந்த ஆக்ஸிடென்ட்டா?" என்றாள். "ரத்தம் யார் கொடுத்தா?"

நான் பேனாவை மூடினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடுத்த அறையில் மூடிகள் கலகலவென்று கொட்டின. யாரோ யாரையோ திட்டினார்கள்.

"நீங்க பேசாம இருந்திருக்கலாமே," என்றாள் திரும்பாமலே. "நான் உங்களைத் தேடி வந்ததே அவரை விட்டுட்டுப் போறதுக்கு ஒரு காரணம் கேட்டுத்தான். அவரைத் தங்கத் தட்டுல வச்சுக் கொடுத்தேன்."

"அவர் அப்படிச் செய்யற ஆள் இல்லை."

"அது இப்ப எனக்கும் தெரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அவர்கிட்ட நான் சொல்லாம இருந்தா?"

"அது உங்க இஷ்டம்."

"நீங்க சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"நல்லவங்களா இருக்காதீங்க அக்கா. வெறுக்கவும் முடியலை, ரொம்பக் கஷ்டமா இருக்கு." இரண்டு சீட்டுகளையும் மடித்துப் பையில் போட்டாள். "நானே சொல்லிடறேன். அவரோட ரத்தம், அவருக்குத் தெரியணும். மோதிரத்தைக் கழட்டிக் கையில வச்சுட்டே சொல்றேன். வேணும்னா எடுத்துக்கட்டும். இல்லைன்னா நாப்பது வயசுல ஒரு நாள் வேற எப்படியாவது தெரிஞ்சு, சோத்துத் தட்டு முன்னால உட்கார்ந்து என்னையே வெறிச்சுப் பார்ப்பார். அதை என்னால தாங்க முடியாது."

வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். புதுத் துணி வாசனை அடித்தது. பிறகு போய்விட்டாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அம்மா இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மலேரியா மாத்திரை கொடுத்தாள், விழுங்கினேன். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருமுனையைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் பார்த்தேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் போன் வந்தது. அவன் எண்ணை எப்போதோ அழித்துவிட்டேன். ஆனால் திரையில் பார்த்ததும் தெரிந்தது. மைதானத்து ஓரத்துக்குப் போனேன்.

"அபேனி."

"ம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லை. அவங்க சீட்டை வச்சப்போதான்."

"தெரிஞ்சிருந்ததுன்னு சொல்வேன்னு நெனைச்சேன். சொல்லியிருந்தா உன்மேல கோபப்பட்டிருக்கலாம். இப்ப யார்மேல கோபப்படறதுன்னே தெரியலை."

"என்மேலயே படலாம்," என்றேன். "அந்த ஆய்வகத்துல ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. உன் கை கட்டுல இருந்ததால நான்தான் நிரப்பினேன். சிகரெட் உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கா, கடந்த நாலு மாசத்துல ரத்தம் ஏத்திக்கிட்டீங்களான்னு வரிசையா கேட்டிருந்தது. நான் படிக்காமலே எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு டிக் அடிச்சுட்டே போனேன். நீ பக்கத்துல உட்கார்ந்து, விருந்துல எங்க பெரியப்பா எத்தனை உருண்டை இடிச்ச கிழங்கு சாப்பிடுவார்னு கணக்குப் போட்டுட்டிருந்தே. நான் சிரிச்சுட்டே அடிச்சேன். மூணு நாளா அதுதான் கண்ணுல நிக்குது."

 

"கீழ கையெழுத்துப் போட்டது நான்தானே," என்றான். "இடது கையால. கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நீ சொன்னே."

"சொன்னேன்."

"அது இப்பவும் இருக்குமா? உன் ரத்தம்."

என் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். அவனுக்குச் சொல்ல, மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை பொலாரின். ஒரு சிவப்பணுவுக்கு நூத்தி இருபது நாள்தான் ஆயுசு. அந்த ஜூலையிலேயே எல்லாம் போயிருக்கும். உடம்பு அதைப் பிரிச்சு, அந்த அமினோ அமிலத்தையெல்லாம் எடுத்து வேற ஏதாவது கட்டியிருக்கும்."

"என்ன கட்டியிருக்கும்?"

"தெரியாது. எலும்பா இருக்கலாம். நகமா இருக்கலாம். அதுக்கு யாரும் கணக்கு வைக்கறதில்லை."

"ஜூலையில நான் உங்க தெருமுனையில நின்னுட்டிருந்தேன்."

"தெரியும். ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்."

பள்ளிக்கூட மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வகுப்புக்கு ஓடினார்கள்.

"அரினோலா மோதிரத்தைக் கழட்டி என் உள்ளங்கையில வச்சா," என்றான். "முழுசா நாலு மணி நேரம் அது என் கையில இருந்தது. அவ அடுப்படியில அகாரா வடைக்கு மாவு அடிச்சுட்டிருந்தா. நான் என்ன சொல்லப்போறேன்னு கேட்கக்கூட இல்லை. வாசல்ல செருப்பை மாட்டிட்டு நின்னேன். உங்க வீட்டுக்கு வரத்தான் மாட்டினேன்."

"அப்புறம்?"

"அவ எட்டிப் பார்த்து, சாப்பிட்டுட்டுப் போங்க, வெறும் வயித்தோட போகாதீங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. மோதிரத்தை அவ விரல்லயே திருப்பிப் போட்டுவிட்டேன், அபேனி. சனிக்கிழமை சபைக்குப் போறேன்."

"போ," என்றேன்.

"நீ வேற ஏதாவது சொல்லு."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அவனுக்கு எப்போதும் போனில் காசு தீர்ந்துபோகும். தீர்ந்தால் நான் திரும்பக் கூப்பிடுவேன் என்று காத்திருப்பான். நான்கு வருடம் அப்படித்தான் நடந்தது.

என் போனில் காசு இருந்தது. அடுத்த வகுப்புப் பெண்கள் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவர்களிடம் நடந்தேன்.