வலது பின்சக்கரம்

என் கணவர் அப்துல் மஜீது மௌத்தான பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒரு கார். பழைய ஆஸ்டின். என் நகைகளை விற்று வாங்கியது என்பதால் ஆர்.சி. புத்தகத்திலும் டாக்சி பெர்மிட்டிலும் என் பெயரையே போட்டிருந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு அருவிக்கு அருவி ஓடும். சீசன் ஓட்டத்தில்தான் எங்கள் ஒரு வருஷத்துச் சோறு.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவை முடித்து நான் வெளியே வந்தபோது பங்குனி பிறந்திருந்தது. சுந்தரபாண்டி என்ற டிரைவரைப் பேசி வைத்தேன். ஐந்தருவிவரை ஓட்டிப் பார்க்கப் போனவன் பாதி ஏற்றத்திலிருந்தே திரும்பி வந்தான்.

"யக்கா, வண்டி இழுக்க மாட்டேங்குது. பின்னால ஊதாப் புகை. கொசு விரட்டவா வாரீகன்னு டீக்கடைக்காரன் கேக்கான்."

போன ஐப்பசியில் என் கணவர் அதே ஏற்றத்தில், ஆறு பேரை வைத்துக்கொண்டு, செகண்ட் கியரில் ஏறினார். அன்று நானும் வண்டியில் இருந்தேன். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. அதன் பிறகு வண்டி யார் சவாரிக்கும் போகவில்லை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வயல்களுக்கு நடுவே, கிணற்றடிக் கொட்டகையில் நின்றது. பார்த்துக்கொண்டவன் என் கொழுந்தன் கிதிர் முகம்மது. நின்ற வண்டி எப்படிக் கெடும்?

தென்காசி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஞானதுரை அண்ணாச்சியின் ஒர்க்ஷாப் இருந்தது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானே போனேன். ஆண்கள் வேலை செய்கிற இடத்தில் உட்காரவா நிற்கவா என்று தெரியவில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். கிதிர் முகம்மதும் வந்திருந்தான். அண்ணாச்சி எல்லாவற்றையும் அவனிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி என்னோடது அண்ணாச்சி. எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

நாலு பிளக்கையும் கழற்றிக் காட்டினார். எல்லாம் எண்ணெயில் நனைந்து கரி பிடித்திருந்தன. பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு சுந்தரபாண்டியை முன்னால் ஹாண்டில் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தூக்கி எறிய வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சுற்றியதும் விரல் துள்ளியது.

"அப்ப வால்வு இல்ல தங்கச்சி, ரிங்குதான். ரிங்கும் போச்சு, சிலிண்டரும் தேஞ்சு போச்சு. போன தடவையே சிலிண்டரக் கடைஞ்சு ரீபோர் பண்ணியாச்சு. இனிமே கடையக் கூடாது, சுவரு தாங்காது. வேற இஞ்சின்தான் போடணும்."

பிறகு அடியில் படுத்து எண்ணெயை இறக்கி, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"சீமெண்ணெய் வாடை அடிக்கி. யாரு இதுல சீமெண்ணெய் போட்டு ஓட்டினது?"

"பெட்ரோல் பங்குல கலந்து குடுத்துருப்பான். இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?" என்றான் கிதிர் முகம்மது.

சவாரி போகாத வண்டி எந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"மைனி, வயசான இஞ்சின். அண்ணன் இருக்கையிலயே முக்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு" என்றான் அவன். இறந்தவர் மேல் பழியைப் போடுவது எவ்வளவு லேசாக இருக்கிறது. "சுரண்டையில ஒரு இஞ்சின் கெடக்கு. இதே கம்பெனி வேன், புளியமரத்துல மோதினது. நானே வாங்கிப் போடுதேன். ஆனா பெர்மிட்ட என் பேருக்கு மாத்திருவோம். பொம்பள பேருல டாக்சி ஓடுனா நல்லாவா இருக்கு? உங்களுக்கு மாசாமாசம் அரிசி வந்து எறங்கிரும்."

ஒரு டீ வாங்கித் தருவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறவன் இஞ்சின் வாங்கித் தருகிறான். அதற்கு விலை என் கார். ஒப்புக்கொண்டால் நான் அவன் வாசலில் அரிசிக்கு நிற்பேன். மறுத்தால் சீசன் முடிகிறவரை வண்டி இந்தப் புழுதியில் நிற்கும்.

அண்ணாச்சி மறுநாள் சுரண்டைக்குப் போய் அந்த இஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல இஞ்சின்தான் என்றார். முன்னால் தாங்குகிற பிராக்கெட் மட்டும் வேறு. இரண்டு துளை புதிதாகப் போட வேண்டும், கிளட்ச் பழையதே பொருந்தும். "ஆனா தங்கச்சி, ஓட்டிப் பாக்கையில பின்னால ஒரு உறுமல் கேட்டுச்சு. அதப் பாக்காம புது இஞ்சின ஏத்தினா வீண்" என்று, பின் அச்சின் நடுவே இருக்கும் டிபரன்சியலைத் திறந்தார்.

உள்ளே கைவிட்டுத் துழாவினார். பிறகு ஒரு சின்னப் பல்சக்கரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பற்கள் கத்திபோலத் தேய்ந்திருந்தன.

"இது வளைவுல திரும்பையில மட்டுந்தான் சுத்தும். இவ்வளவு தேய வேலையே இல்ல. ஒரு சக்கரம் சகதியில மாட்டிக்கிட்டுச் சும்மா சுத்தினா இப்படி ஆகும். ஆனா அதுக்கும் மாசக் கணக்குல மாட்டியிருக்கணும். மீட்டரப் பாத்தா மதுரைக்கும் மெட்ராசுக்கும் போய்ப் போய் வந்த மாதிரி ஏறியிருக்கு. டயரப் பாத்தா புதுசுல நிக்குத ரப்பர் மயிருகூட உதிரல. எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது.

இத்தாவில் இருந்த நாளெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். காலைத் தொழுகை முடிகிற நேரம் வயல் பக்கமிருந்து எங்கள் காரின் இஞ்சின் சத்தம் தொடங்கும். வெயில் ஏறுகிறவரை ஓடும். ஒருநாள் கிதிர் முகம்மதின் மனைவி பாத்திமுத்துவிடம் விசாரித்தபோது, "பேட்டரி செத்துரக் கூடாதுன்னு அவுக தினம் ஸ்டார்ட் பண்ணி வைக்காக" என்றாள். நான் அவனுக்காக துஆ செய்தேன். அறைக்குள் உட்கார்ந்து, அழுதுகொண்டு, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று இரு கை ஏந்திக் கேட்டேன்.

இப்போது நினைத்தால் அந்தச் சத்தம் ஒரு நாளும் கியர் மாறவில்லை. கிட்டே வரவில்லை, தூரமாகப் போகவில்லை. போன வருஷம் வடகிழக்கு மழை பொய்த்திருந்தது. கொட்டகையில் வண்டியின் வலது பக்கம்தான் கிணறு.

"அண்ணாச்சி, வலது பின்சக்கரத்தக் கழத்தி டயர உருவுங்க."

உருவினார். ஆவணியில் புது டயர் போடும்போது என் கணவர் நாலு சக்கர வளையங்களுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். இந்த ஒன்றில் டயர் உட்காருகிற இடத்தில் பெயிண்ட் துளியும் இல்லை. பெல்ட் ஓடி ஓடி இரும்பு கண்ணாடிபோல் பளபளத்தது.

அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்தார். "பாவிப் பய" என்றார் மெதுவாக. "ஜாக்கி போட்டுத் தூக்கி, டயர உருவிட்டு, கெணத்துப் பம்புக்கு பெல்ட் மாட்டியிருக்கான். காத்தோட்டம் இல்லாம, சீமெண்ணெய ஊத்தி..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. நேரே குத்துக்கல்வலசைக்கு நடந்தேன். நான் வெளியே வர முடியாது என்பதை வைத்தே செய்திருக்கிறான். அண்ணன் இறந்த துக்கத்தை ஒரு பூட்டாக்கி, என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, என் வண்டியைத் தின்றிருக்கிறான். தின்றதோடு விடவில்லை, அது செத்ததையே காட்டி அதை எழுதி வாங்கவும் வந்துவிட்டான்.

களத்தில் கிதிர் முகம்மதின் நெல் குவிந்து கிடந்தது. சுற்று வட்டாரத்தில் மற்ற வயல்கள் பாதி கருகியிருந்தன. அறுப்புக்கு வந்த பேச்சித்தாய் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"யம்மா, ஒங்க காரு புண்ணியத்துல எங்களுக்கும் கூலி கெடச்சுது. மனுசனச் சொமக்குத காரு தண்ணி எறைக்கத நான் இப்பத்தான் பாத்தேன்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

"முதல்ல இவங்க கூலிய அள" என்றேன் கிதிர் முகம்மதிடம். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மரக்காலை எடுத்தான். கூலி நெல்லை வாங்கியவர்கள் போகாமல் நின்றார்கள். நான் மிச்சக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"என்ன மைனி இது? ஊரு பாக்குது."

"பாக்கட்டும்."

"பயிரு கருகிக்கிட்டு இருந்துச்சு. நான் என்ன செய்ய? வீட்டு நெல்லு நீங்களுந்தான் திங்கப் போறீக."

"கேட்டுருந்தா குடுத்துருப்பேன்."

வெயில் உச்சிக்கு வந்தது. நெல் ஏற்ற வந்த வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான். பேச்சித்தாய் எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்; நான் குடித்துவிட்டு அங்கேயே இருந்தேன். கிதிர் முகம்மது கொஞ்சம் நடந்தான், நின்றான், யாரும் தன்னைப் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இத்தாவில் அந்த அறைக்குள் நான் பழகியது அதுதான்.

கடைசியில் அவனே கேட்டான். "என்னதான் வேணும்?"

"இஞ்சின். அந்தப் பல்சக்கரமும். பெர்மிட்டு என் பேருலயே இருக்கும்."

கிதிர் முகம்மது சொல்லவும் வண்டிக்காரன் மறுபடியும் மாட்டைப் பூட்டினான். நெல்லுக்கு வந்த வண்டி, இஞ்சினை ஏற்றிவர, வெறுமையாகச் சுரண்டை ரோட்டில் திரும்பிய பிறகுதான் நான் குவியலைவிட்டு இறங்கினேன்.

வைகாசி கடைசியில் ஞானதுரை அண்ணாச்சி புது இஞ்சினை ஏற்றி முடித்தார். கிதிர் முகம்மதும் வந்து ஓரமாக நின்றான். சுந்தரபாண்டி ஸ்டார்ட் செய்தான். புகை இல்லை. சீரான சத்தம்.

"கொஞ்ச நேரம் நின்னபடி ஓடட்டும் தங்கச்சி. பிறகு ரோட்டுல எடுக்கலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி. நின்ன எடத்துல ஓட வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, சுந்தரபாண்டிக்குக் கை காட்டினார்.

"இப்பவாவது மனசு ஆறிச்சா மைனி?" என்றான் கிதிர் முகம்மது.

ஆறவில்லை. அதை அவனிடம் சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. கார் ரயில்வே கேட்டைத் தாண்டியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. குற்றாலம் ரோட்டில் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அது முழுதும் ஓய்கிறவரை கேட்டுக்கொண்டு நின்றேன்.