வெங்கடகிருஷ்ணனுக்கு மகள் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. கதை என்றாலே பொய்தானே என்று சொல்ல வருகிறீர்கள், தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இது அந்த மாதிரிப் பொய் இல்லை. ஈமெயிலில் அட்டாச் பண்ணி அனுப்பிய பொய்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை தருவதாக வாயை விட்டிருந்தேன். மலரைத் தயார் பண்ணும் சாந்தாமணி ஆன்ட்டி மூன்று முறை போன் பண்ணிவிட்டார். "பாரூக், நம்ம புள்ளைங்க இந்த ஊர்ல படற பாட்டை எழுதுங்களேன்" என்றார். உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

வெங்கடகிருஷ்ணனின் பதின்மூன்று வயது மகள் மைதிலி, கார்ட்டூன் பார்த்தே வளர்ந்தவள்.

வரி நல்ல வரிதான். ஆனால் வெங்கடகிருஷ்ணன் என்று யாரும் கிடையாது. டெக்ஸஸில், இர்விங்கில், ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் இருப்பது பாரூக் ஆகிய நான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள் என் மகள் ஆஃபீஃபா. பின்னே ஏன் ஆளை மாற்றினேன்? படிக்கிறவர்களுக்குப் 'பொதுவாக' இருக்கட்டுமே என்றுதான். ஆன்ட்டி அப்படிக் கேட்டாரா? இல்லை. யாருமே கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

2

கார்ட்டூனின் பெயர் 'உப்புத் தீவு' என்று வைத்துக்கொள்வோம். (பெயரை மாற்றியிருக்கிறேன். பழகிப்போன கை.) அதில் நேலா என்று ஒரு பெண். புயலில் படகு ஓட்டுவாள், பெரியவர்களை எதிர்த்துப் பேசுவாள். நல்ல கறுப்பு. அடர்த்தியான புருவம். ஆஃபீஃபாவுக்கு அப்போது பத்து வயது. டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, "வாப்பா, ஷீ லுக்ஸ் லைக் மீ!" என்று கத்தினாள். நான் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்காமல் "ஆமாம்மா" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

அடுத்தடுத்து மூன்று ஹாலோவீனுக்கு அவள் நேலாதான். வேறு எந்த வேஷம் போட்டாலும் யாராவது "நீ யாரு?" என்று கேட்பார்கள். நேலா வேஷத்துக்கு மட்டும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டு கோடையில், அந்தக் கார்ட்டூனை நிஜ ஆட்களை வைத்துப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. டாலஸில் ஒரு ஹோட்டலில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஆஃபீஃபா இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், "கேன் ஐ ட்ரை?" என்றாள்.

"போகட்டும்ங்க, ஆசைப்படறா" என்றாள் முனவ்வரா, என் மனைவி. போட்டோவை அவள்தான் எடுத்தாள், பால்கனியில், காலை வெயிலில். ஆஃபீஃபா கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். அருமையான படம், மாஷா அல்லாஹ். ஃபார்மை ஆன்லைனில் நிரப்பி, போட்டோவோடு அனுப்ப வேண்டிய வேலை எனக்கு வந்தது.

3

என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியில், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறேன். அதாவது, ரெஸ்யூமைத் திருத்துகிறேன். க்ளையன்ட் எட்டு வருட அனுபவம் கேட்டால், ஆறு எட்டாகும். நஞ்சுண்டன் என்ற பெயரைப் பார்த்தால் போனை எடுக்கமாட்டார்களோ என்று எனக்குத் தோன்றினால், நஞ்சுண்டன் 'நேட்' ஆவார். பெயரை மாற்று என்று எந்த க்ளையன்ட்டும் சொன்னதில்லை. நாங்களே முந்திக்கொள்வோம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

படக் கம்பெனி அறிவிப்பில் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே மாதிரிக்குப் போட்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். எழுதாததையும் சேர்த்து வாசிக்கிற அனுபவஸ்தன் ஆயிற்றே நான்! லன்ச் டைமில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டோவைத் திறந்தேன். என் கை தானாகவே அந்த பிரைட்னஸ் பட்டனுக்கு

(நிறுத்திவிட்டேன். கை தானாகப் போகவில்லை. நான்தான் நகர்த்தினேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் தள்ளி உட்கார்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.)

எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை, அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முனவ்வராவின் போட்டோவையே ஸ்டூடியோக்காரர் அப்படித்தான் வெளுத்துக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குக் கொடுக்கிற எல்லாப் பெண்ணின் போட்டோவும் அப்படித்தான் வரும். வாங்குகிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். பிள்ளைக்கு நல்லது பண்ணுகிறேன் என்று நினைத்து அனுப்பிவிட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

4

ஹோட்டல் ஹாலில் இரண்டு வரிசை. முக்கியப் பாத்திரங்களுக்கு ஒன்று, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று. முதல் வரிசையில் நேலா மாதிரி ஒருத்தரும் இல்லை. இரண்டாவது வரிசையில் அத்தனை பேரும் நேலா.

மேஜையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பெயர் ப்ரூக் என்று சட்டையில் குத்தியிருந்தது. எங்கள் ஃபார்மை எடுத்தாள், அச்சடித்த படத்தைப் பார்த்தாள், ஆஃபீஃபாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "இது நீதானா, ஹனி?" என்று மெதுவாகக் கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள். பிறகு ஃபார்மையும் படத்தையும் ஆஃபீஃபாவின் கையிலேயே கொடுத்து இரண்டாவது வரிசையைக் காட்டினாள்.

ஆஃபீஃபா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசையில் போய் நிற்கவில்லை. காருக்கு வந்ததும், "அவங்க என் ஃபேஸை மாத்திட்டாங்க, வாப்பா" என்றாள்.

(அவள் சொன்னது இங்கிலீஷில். நான் தமிழாக்கிவிட்டேன். இதையும் என் மாற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அவங்க. அந்த இடத்தில், சீட் பெல்ட் போடுகிற அந்த ஒரு நிமிஷத்தில், நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "விடும்மா" என்றேன்.

5

டிசம்பரில் நடிகர்கள் பட்டியல் வெளியானது. நேலாவாக நடிக்கப்போவது பொன் நிறத் தலைமுடியோடு ஒரு பெண். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, பாவம், சின்னப் பெண். தீவைக் கொள்ளையடிக்க வருகிற கூட்டத்துக்கு மட்டும் கறுப்பான ஆட்களைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

ஆஃபீஃபா அழவில்லை. பால்கனிப் படத்தையும் ஹோட்டலில் கிடைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தக் கார்ட்டூனின் ரசிகர்கள் கூடும் இணையதளத்தில் போட்டாள். 'நேலாவுக்கு இப்போது செய்ததை எனக்கு முன்பே காகிதத்தில் செய்துவிட்டார்கள்' என்று எழுதினாள். ஒரே வாரத்தில் நானூறு பதில். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள், கொரியாவும் மெக்ஸிகோவும் பூர்வீகமாக உள்ள பிள்ளைகள், 'எனக்கும் இப்படித்தான்' என்று எழுதினார்கள். என் மகள் தலையை நிமிர்த்தி ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தாள். நடையே மாறிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக, அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

யாரோ ப்ரூக்கின் முழுப் பெயரைக் கண்டுபிடித்து, படத்தை வெளுத்தது அவள்தான் என்று கண்டபடி திட்டியிருந்தார்கள்.

அப்புறம் உள்ளூர்ப் பேப்பரிலிருந்து போன். சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு படமும் பேப்பரில் வரும்.

முனவ்வராவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு படத்தையும் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஸிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "எனக்குப் பண்ணாங்க. நான் சும்மா இருந்தேன். நிக்காஹ் அன்னிக்கு உங்க சின்னம்மா என் முகத்தைப் பாத்துட்டு, 'போட்டோல வேற மாதிரி இருந்துச்சே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. மறந்துட்டீங்களா?"

நிஜமாகவே மறந்துவிட்டேன்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னாடி."

6

சொல்லத் தைரியமில்லாதவன் கதை எழுதுகிறான். மலருக்கு என்று ஆரம்பித்ததை இங்கே இழுத்துக்கொண்டு வந்தேன். முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் வெங்கடகிருஷ்ணன் உண்மையைச் சொல்கிறான். மைதிலி அழுது, "பரவால்லப்பா" என்று கட்டிக்கொள்கிறாள். தூ! கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவன் சொல்லவே இல்லை. பேப்பரில் வருகிறது. மைதிலி பெரியவளாகிப் பெரிய ஆளாகிறாள், எங்கே போனாலும் அந்த இரண்டு படத்தின் கதையைச் சொல்கிறாள், சொல்லும்போதெல்லாம் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறான். இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். ஏனென்றால் இது நடக்கக்கூடியது.

மூன்றாவதாக ஒன்று: நாலு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது, திறப்பதற்குள்

இல்லை. வரவில்லை.

மைதிலிக்கு என்ன கோபம் வரும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் அவள் இல்லாத பெண். ஆஃபீஃபாவின் கோபம் எனக்குத் தெரியும். அதனால் வெங்கடகிருஷ்ணனைத் தூக்கிவிட்டு, மேலே நீங்கள் பார்த்தபடி, முதல் பக்கத்திலிருந்து எங்கள் பெயர்களில் மறுபடி எழுதினேன்.

7

இன்று சனிக்கிழமை. மதியம் இரண்டரை. ஆஃபீஃபா ஹாலுக்கு வந்தாள். பேப்பர்காரர்களுக்காகப் பழைய நேலா சட்டையைத் தேடி எடுத்திருந்தாள். கை குட்டையாகிவிட்டது.

"வாப்பா, ஒரு வாரமா என்ன எழுதறீங்க?"

"கதை."

"அபவுட் மீ?"

அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது, எண்களைக்கூட வரிசையாகச் சொல்லத் தெரியாது. இந்தத் தைரியத்தில்தான் இத்தனையும் மேஜை மேல் திறந்து கிடந்தது. "எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்று எதிரே உட்கார்ந்தாள். ஒன்று என்று எண்ணைச் சொல்லி வாசிக்க ஆரம்பித்தேன். வெங்கடகிருஷ்ணன் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"வெயிட். எங்களை எடுத்துட்டு வேற ஃபேமிலியைப் போட்டீங்களா?"

"முதல்லதாம்மா. அப்புறம் மாத்திட்டேன்."

"யாரும் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

என்னையே பார்த்தாள். "நீங்களுமா, வாப்பா?" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. ஒரு கதையில் பெயரை மாற்றியதற்கே இந்த முகம்.

பிறகு, "அந்த ஈமெயில் பொய் என்னது? அட்டாச் பண்ணது?"

"வரும்" என்றேன்.

இரண்டை வாசித்தேன். பால்கனிப் படம் வந்த இடத்தில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள், படத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு. இரண்டு முடிந்தது. தொண்டை வறண்டுவிட்டது, டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிச்சனுக்கு வந்துவிட்டேன். இந்த ஏழாவது பாகத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். முனவ்வரா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி மூன்று ஐந்து.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மூன்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். நான் போய் உட்கார்ந்து, மூன்றைத் தாண்டி 'நான்கு' என்று சொல்லி, அதற்கு மேலும் அங்கங்கே விழுங்கி வாசித்தால், அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதும் தெரியும். இதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் கொஞ்சம் வெளுத்துவிடுவேன். என் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.

"வாப்பா," ஹாலிலிருந்து கூப்பிடுகிறாள், "நெக்ஸ்ட் நம்பர் என்ன?"